ரைன் கரையில் பாட்டு நின்ற மாதங்கள்

அன்புள்ள பாப்பா,

நீ போன வாரம் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் ரைன் ஆற்றில், படகில் தோழிகளோடு நிற்கிறாய். மெலிந்திருக்கிறாய். உனக்குப் பின்னால் ரூடஸ்ஹைம் ஊர், அதற்கு மேலே திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்கும் மேலே இரட்டைக் கோபுரத்தோடு ஒரு கோயில். "ஏதோ பழைய சர்ச், அம்மா" என்று எழுதியிருந்தாய். அது எந்தக் கோயில் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அது ஐபிங்கன் மடம். பெனடிக்ட் சபைக் கன்னியர்கள் இருக்கிறார்கள். கட்டடம் அப்படியொன்றும் பழையதில்லை, 1900-இல் தொடங்கி 1904-இல் முடித்தார்கள். அந்த மடம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த அம்மாள்தான் பழையவர். பிங்கன் ஊர் ஹில்டகார்ட். 1098-இல் பிறந்து 1179-இல் இறந்தவர். அவருடைய சொந்த மடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாஹே ஆறு ரைனோடு சேரும் இடத்தில், ரூப்பர்ட்ஸ்பெர்க் என்ற குன்றில் இருந்தது. 1632-இல், முப்பதாண்டுப் போரில், ஸ்வீடன் படைகள் அதை அழித்துவிட்டன. ஐபிங்கனிலும் 1165-இல் அவரே ஒரு மடம் ஏற்படுத்தியிருந்தார். அந்த வழியில் வந்ததுதான் உன் படத்தில் இருப்பது.

கோயில் பாடகர் குழுவில் நான் இருந்த காலத்தில் ஒரு சாமியார் இவருடைய பாட்டு ஒன்றைக் கேசட்டில் கொண்டுவந்து போட்டார். உனக்கு அப்போது மூன்று வயது, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு குரல்வரிசை. பக்கவாத்தியம் இல்லை, இரண்டாம் குரல் இல்லை. தொடங்கியதுமே குரல் ஒரு பஞ்சமம் தாவி மேலே போகிறது, அங்கிருந்து இன்னும் மேலே. ஒரு சொல்லின் ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து பாடுகிறார்கள். அந்தக் காலத்துக் கோயில் பாட்டு பெரும்பாலும் அடக்கமாக ஒரு எல்லைக்குள் நடக்கும். இவருடைய பாட்டுகளில் சில இரண்டு ஸ்தாயியையும் தாண்டிவிடும். உன் அப்பா கேட்டுவிட்டு, "இது பாடுகிறவங்க மூச்சை நம்பி எழுதினது" என்றார். இன்றுவரை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சுரக்குறிகளையோ பாட்டையோ எந்த மனிதரிடமும் தான் கற்கவில்லை என்று ஹில்டகார்டே சொல்லியிருக்கிறார். எழுபதுக்கு மேற்பட்ட பாட்டுகள் அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

சிறு வயதிலேயே மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1112-இல், அனைத்துப் புனிதர் திருநாளன்று, யூட்டா என்ற பிரபு வீட்டுப் பெண்ணோடு டிசிபோடன்பெர்க் மடத்தை ஒட்டிய ஓர் அடைப்பில் தவ வாழ்வுக்குப் போனார். நாற்பத்திரண்டு வயதுவரை வெளியே யாருக்கும் அவரைத் தெரியாது. 1141-இல், தான் காணும் காட்சிகளை எழுது என்று கட்டளை வந்ததாகச் சொல்லி எழுதத் தொடங்கினார். பத்து வருடம் எழுதியது 'ஸ்கிவியாஸ்' என்ற நூலானது. அதன் முதல் ஓவியத்தைத் தேடிப் பார். உட்கார்ந்து மெழுகுப் பலகையில் எழுதுகிறார், மேலேயிருந்து தீ நாக்குகள் அவர் தலைமேல் இறங்குகின்றன. பக்கத்து அறையிலிருந்து ஃபோல்மார் என்ற துறவி தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறார். அவர்தான் அவருக்கு எழுத்துதவி செய்தவர். அந்த எட்டிப் பார்க்கும் முகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நாம் பார்ப்பது அசல் இல்லை. பாதுகாப்புக்கென்று இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டனுக்கு அனுப்பிய அந்தச் சுவடி 1945-இலிருந்து காணவில்லை. நல்லவேளையாக, 1927-லிருந்து 1933 வரை ஐபிங்கன் கன்னியர்கள் தோலில் தங்கமும் வண்ணமும் வைத்து முழுவதையும் கையாலேயே பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வண்ணங்களை நாம் இழந்திருப்போம். பாட்டுகள் உள்ள இன்னொரு பெரிய சுவடி, கிட்டத்தட்ட 15 கிலோ எடை, அதுவும் டிரெஸ்டனுக்குப் போனதுதான். அது 1948-இல் திரும்பி வந்தது, இப்போது வீஸ்பாடன் நூலகத்தில் இருக்கிறது. உனக்கு ரயிலில் பக்கம்தான்.

சரி, நான் சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை.

1178-இல் ஹில்டகார்டுக்கு எண்பது வயது. ஒரு பிரபுவைத் தன் மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்ய அனுமதித்தார். அந்த மனிதர் ஒருகாலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆனால் இறப்பதற்கு முன் ஒப்புரவாகி, கடைசி அருட்சாதனங்களையும் பெற்றுவிட்டார். ஹில்டகார்ட் அதை அறிந்துதான் இடம் கொடுத்தார். மைன்ஸ் நகரத்துக் குருக்கள், நீ இப்போது இருக்கிறாயே அதே மைன்ஸ், அதை ஏற்கவில்லை. பேராயர் அப்போது இத்தாலியில் இருந்தார். உடலைத் தோண்டி வெளியே எடு என்றார்கள். ஹில்டகார்ட் மறுத்துவிட்டார். யாரும் கண்டுபிடித்துத் தோண்டிவிடக் கூடாதென்று தன் கைத்தடியாலேயே கல்லறையின் அடையாளத்தை அழித்தார் என்றும் சொல்லுவார்கள்.

தண்டனையாகப் பாட்டை நிறுத்தினார்கள். திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை. மன்றாட்டுகளைக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் வாசிக்க மட்டும் அனுமதி. ஒரு நாளுக்கு எத்தனையோ தடவை கூடிப் பாடிய பெண்கள். அந்தக் கோயிலுக்குள் அந்த மாதங்களில் எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஒரு வருடமாக எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஹில்டகார்ட் தடைக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் பேசாமல் இருக்கவில்லை. மைன்ஸ் குருக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாவம் செய்வதற்கு முன் ஆதாமுடைய குரல் வானதூதர்களின் குரலோடு சேர்ந்து ஒலித்தது, அந்தக் குரலைத்தான் மனிதன் இழந்தான் என்கிறார். இழந்ததை நினைவுபடுத்தத்தான் இறைவாக்கினர்கள் திருப்பாடல்களையும் வாத்தியங்களையும் தந்தார்கள். மனிதன் திரும்பப் பாடத் தொடங்கியதைக் கண்டு சாத்தான் கலங்கினான், அன்றிலிருந்து பாட்டைக் கெடுப்பதே அவன் வேலை. தகுந்த காரணம் இல்லாமல் கடவுளின் புகழ்ப்பாட்டை நிறுத்துகிறவர்களுக்கு விண்ணகத்தில் வானதூதரின் பாட்டில் பங்கு இருக்காது. எண்பது வயதில், தன்னைத் தண்டித்தவர்களிடமே இதைச் சொன்னார், பாப்பா. பல வருடங்களுக்கு முன் தன் கன்னியர்களுக்காக எழுதிய இசை நாடகத்திலும் இதே எண்ணம் இருக்கிறது. அதில் நற்பண்புகள் எல்லாம் பாடும், ஆன்மா பாடும். சாத்தானுக்கு மட்டும் பாட்டே கிடையாது. அவன் கத்த மட்டும்தான் செய்வான்.

1179 மார்ச்சில் பேராயர் தடையை நீக்கினார். மறுபடி பாடினார்கள். செப்டம்பர் 17-இல் ஹில்டகார்ட் இறந்தார். ஆறு மாதம் கேட்டிருப்பார்.

நீ பாடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. நீ சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அப்பா அடக்கத்துக்கு உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. திருப்பலி முழுவதையும் போனில் பார்த்தாய். கல்லறையில் நாங்கள் பாடியபோது உன் பக்கம் மைக்கை அணைத்துவிட்டாய், திரையில் உன் வாய் மட்டும் அசைந்தது. அதற்கப்புறம் அங்கே பாடகர் குழுவுக்கும் போவதில்லை என்று உன் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். அப்பாவை மண்ணில் வைக்கும்போது பக்கத்தில் இல்லாததற்கு உனக்கு நீயே போட்டுக்கொண்ட தண்டனை இது. யாரும் அதை உனக்குப் போடவில்லை. நானும் போடவில்லை.

என் பங்குக்கும் ஒன்று சொல்கிறேன். ஹில்டகார்டிடம் ரிக்கார்டிஸ் என்று ஓர் இளம் கன்னி இருந்தார். நூல் எழுதும்போது கூடவே இருந்தவர், மகள் மாதிரி. 1151-இல் அவரை வடக்கே பாஸும் மடத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஹில்டகார்ட் விடவே இல்லை. பேராயருக்கு எழுதினார், ரிக்கார்டிஸின் அண்ணனுக்கு எழுதினார், திருத்தந்தைவரைக்கும் போனார். கடைசியில் ரிக்கார்டிஸுக்கே எழுதிய கடிதத்தில், தாயே, மகளே, ஏன் என்னை அநாதைபோல் விட்டுவிட்டாய் என்று கேட்கிறார். அடுத்த வருடமே ரிக்கார்டிஸ் இறந்துபோனார். 2012-இல் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே ஆசிரியராக, அறிவிக்கப்பட்ட ஹில்டகார்ட் இப்படியும் அழுதிருக்கிறார். நீ ஜெர்மனிக்குக் கிளம்பியபோது நானும் இப்படித்தான் உன்னைப் பிடித்து இழுத்தேன். விமான நிலையத்தில் நான் சொன்ன அந்த வார்த்தையை நீ மறந்திருக்க மாட்டாய். அது தப்பு. அப்பா அன்றைக்கே சொன்னார், நான் கேட்கவில்லை.

உறையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவுடைய பாட்டு நோட்டிலிருந்து நகல் எடுத்தது, நீ பத்து வயதில் பாஸ்கா இரவில் தனியாகப் பாடிய பாட்டு. நீ மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருக்கிறார், பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிங்கன்வரை ரயிலில் போய், படகில் ஆற்றைக் கடந்து, அந்தக் கோயிலுக்கு ஏறிப் போ. மாலை மன்றாட்டைக் கன்னியர்கள் லத்தீனில் பாடுவார்கள், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். நீ பாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு வா. முடிந்ததும் உடனே எழுந்துவிடாதே. அப்புறம் வெளியே வந்து, திராட்சைத் தோட்டத்துப் பக்கம் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணு. இங்கே நேரம் பிந்தியிருக்கும். பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா