முதலில் நீர்மட்டத்தைச் சொல்லுங்கள்: ஸ்ரீலங்கன் விமான சேவையை மறுசீரமைப்பவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஸ்ரீலங்கன் விமான சேவையின் தலைவருக்கும் பணிப்பாளர் சபைக்கும், மறுசீரமைப்புக்குப் பொறுப்பான அமைச்சு, திறைசேரி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்பவன். விமானக் கம்பனி நடத்தத் தெரியாது. ஆனால் இருப்பது போதாமல் போனால் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்ற கேள்வி எங்களுக்கு மழை குறைந்த சிறுபோக நெற்செய்கைதோறும் வருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கையின் மகன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்குகிறான். ஒரு மேன்பவர் கம்பனி மூலம் போனவன், நிரந்தரம் கிடையாது. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது அவனுக்கு ஒரு போன் வந்தது: நாளையிலிருந்து வர வேண்டாம். கடிதம் இல்லை, கடைசி மாதச் சம்பளம் இல்லை, சேமலாப நிதிக்குக் காசு கட்டினார்களா என்று கேட்டால் பதிலும் இல்லை. ஊருக்கு வந்து என்னோடு வயலில் நின்றான். பிறகு கூப்பிட்டார்கள், போனான். இப்போது செய்தியில் மறுசீரமைப்பு, ஆட்குறைப்பு என்ற சொற்கள் வரும் போதெல்லாம் தங்கை எனக்குப் போன் எடுக்கிறாள். "அண்ணா, இவனையும் நிப்பாட்டிப்போடுவினமோ?" அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் சிறுபோகக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரணைமடு நிரம்பினால் 36 அடி. காலபோகம் மழையோடு போய்விடும். சிறுபோகம் முழுக்கக் குளத்தை நம்பித்தான். அதற்கு முன் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழும்பி, குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கர் செய்யலாம் என்பார். அவர் சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். அளவுகோல் குளத்திலேயே நிற்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். தண்ணீர் போதாத வருடம் பங்கு போடுவோம். நாலு ஏக்கர்க்காரனுக்கு இரண்டு, சில வருடம் ஒன்று. சண்டை வரும். வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவன் கூடக் கேட்பான், கடைசியில் உள்ளவன் அழாக்குறையாகப் பேசுவான். எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், இரவில் களவாகத் தண்ணீர் திறப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எத்தனை அடி நிற்கிறது என்பதை மறைத்து வைத்துக்கொண்டு, வாய்க்காலின் வாலில் இருப்பவனிடம் மட்டும் போய் "நீ இந்தப் போகம் செய்யாதே" என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் குளத்தின் அளவுகோலை நாங்கள் பார்த்ததில்லை. துண்டு துண்டாகத் தெரிந்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளும் மண்ணெண்ணெயும் ஒரே இனத்து எண்ணெய். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. முல்லைத்தீவுக் கரையில் வெளியிணைப்பு இயந்திர வள்ளம் வைத்திருப்பவர்களிடம் அந்த மாதங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குப் பம்பில் நீர் இறைத்தவர்களிடமும் கேளுங்கள். எங்களுக்குக் கைக்காசு இருந்தால்தான் எண்ணெய். அதே பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் விமான சேவை கடனுக்கு எரிபொருள் வாங்கியது. இலங்கை வங்கியிடமும் மக்கள் வங்கியிடமும் கடன் வாங்கியது. நாங்கள் நெல் விற்ற காசை வைப்பதும் அந்த வங்கிகளில்தான். பிறகு அந்தக் கடன்களில் 500 மில்லியன் டொலருக்கு மேல் அரசு ஏற்பதென்று முடிவானது. அரசு பிணை நின்று 2019இல் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் பிணைமுறி 2024 ஜூனில் முதிர்ந்தபோது கட்டப்படவில்லை. அரசு பிணை நின்றது என்றால் நாங்கள் பிணை நின்றோம் என்றுதான் பொருள்.

சரி, குளம் எப்படி வற்றியது?

1998இல் துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் இதன் 40 சதவீதப் பங்கோடு முகாமைத்துவத்தையும் எடுத்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து நிரம்பி வரவிருந்த விமானத்தில் ஜனாதிபதியின் குழுவினருக்கு இடம் கேட்டார்கள். சீட்டு எடுத்த பயணிகளை இறக்கிவிட முடியாது என்று நிறுவனம் மறுத்தது. பிரதம நிறைவேற்று அதிகாரியின் விசா ரத்தானது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் முகாமைத்துவத்தை விட்டுப் போனது. 2007இல் மலிவு சேவையாகத் தொடங்கிய மிஹின் லங்காவை 2016இல் இதனோடு சேர்த்தார்கள். 2013இல் தெற்கே மத்தளவில் விமான நிலையம் திறந்து, அங்கும் பறக்கச் சொன்னார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது நின்றது. அதே 2013இல்தான் எயார்பஸ்ஸிடம் புதிய ஏ330, ஏ350 விமானங்களுக்கு ஒப்பந்தம். ஏ350 பிறகு வேண்டாம் என்று ரத்தாகி, இங்கே வந்து இறங்காத விமானங்களுக்கு நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. 2020 ஜனவரியில் எயார்பஸ் லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதற்காகப் பிரித்தானியாவில் அபராதம் கட்ட இணங்கியபோது, அந்த வழக்கின் நாடுகளில் மலேசியா, இந்தோனேசியா, தைவான், கானாவோடு எங்கள் நாடும் இருந்தது. அபராதம் அங்கே போனது, கடன் இங்கே நின்றது.

இந்த முடிவுகளில் எதையாவது பொதி ஏற்றுபவன் எடுத்தானா? சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் பெண் எடுத்தாளா? சுமார் 6000 பேர் வேலை செய்யும் இடத்தில் ஆள் கூட என்று சொல்கிறீர்கள். கூடத்தான் இருக்கலாம். அரசியல் கடிதத்தோடு வந்து கதிரையில் இருந்தவர்களும் அதற்குள் இருப்பார்கள். அப்படியென்றால் அந்தக் கதிரைகளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

2001 ஜூலை 24ஐச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையானதாக இராது. விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கவில் நடத்திய தாக்குதலில் ஸ்ரீலங்கனின் விமானங்களும் எரிந்தன. நாங்கள் அப்போது இங்கே வன்னியில் இருந்தோம். வடக்கிலிருப்பவர்களுக்கு இந்த நிறுவனத்தைப் பற்றிக் கேள்வி கேட்க என்ன உரிமை என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அந்த இழப்பை நான் மறுக்கவில்லை. அதற்குப் பின் வந்த கடனைப் பற்றித்தான் கேட்கிறேன். அதை நாங்களும் சேர்ந்தே கட்டுகிறோம்.

நிரந்தர ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவர் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். மருமகன் போன்ற பிள்ளைகளுக்கு நடைமுறையில் அந்தக் காவல் இல்லை. அவர்களை நிறுத்தினால் ஆட்குறைப்புக் கணக்கிலும் வராது, செய்தியிலும் வராது. நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்பது இதுதான்: மேன்பவர் மூலம் வந்தவர்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள். எத்தனை பேர், எத்தனை வருடம் வேலை செய்தார்கள், சேமலாப நிதி கட்டப்பட்டதா என்று எழுத்தில் வெளியிடுங்கள். யாரையாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஆறு மாதம் முன்பே, அவரவர் மொழியில், கையெழுத்திட்ட கடிதத்தில் சொல்லுங்கள். இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால், இவர்களை முதலில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

உணவு வழங்கும் பிரிவையும் தரைச்சேவையையும் பிரித்து விற்பது பற்றியும் முன்பு பேச்சு வந்தது. கட்டுநாயக்கவுக்கு வரும் மற்றக் கம்பனிகளின் விமானங்களிடமிருந்தும் காசு உழைக்கும் பிரிவுகள் அவை. விதைநெல்லை விற்றுக் கடன் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த போகத்துக்கு அவர்கள் மற்றவன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

தொழில் தெரிந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். குளோரினும் கோஸ்டிக் சோடாவும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1980களின் நடுவில் போரால் நின்றது. கட்டடத்தை எப்போதும் கட்டலாம். அந்த இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டே பிழை சொன்ன ஆட்களை எங்கே தேடுவது? விமானத்தின் கீழே படுத்து வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளரும் அப்படித்தான். 2022இல் நிறையப் பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களையும் பயமுறுத்தி அனுப்பிவிடாதீர்கள்.

இங்கே போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு ஏ9 வீதியால் இரவு வான் வண்டியில் கட்டுநாயக்க போய், ரியாத்துக்கும் குவைத்துக்கும் ஏறுகிறார்கள். அவர்கள் அனுப்பும் டொலரைத்தான் 2022இல் நாடு கெஞ்சிக் கேட்டது. எந்தத் தடத்தை வெட்டலாம் என்று பார்க்கும்போது அவர்களையும் நினையுங்கள். 1947இல், ஸ்ரீலங்கனுக்கு முன்பிருந்த தேசிய விமான சேவையான எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 2019இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்தபோது முதலில் வந்து இறங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார். தேசிய விமான சேவை என்ற சொல்லில் நாங்களும் இருக்கிறோமா என்று கேட்க எங்களுக்கு இது போதும்.

இதற்குப் பதில் எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள், தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம், அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் வந்து பின்வரிசையில் இருந்து பாருங்கள். முடிய மதியமாகிவிடும். சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
இரணைமடுக் கமக்காரன் ஒருவன்,
கிளிநொச்சி.