வால்வு அம்ப்ளிபயர் கட்டுவோர் ரெசிஸ்டரின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் வால்வு அம்ப்ளிபயரைத் தாமே கட்டிப் பார்க்கும் கிற்றார் வாசிப்பாளர்கள் இப்போது வன்னியிலும் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவிலும் ஊர் இசைக்குழுவிலும் வாசிக்கும் பிள்ளைகள், சுற்றுப்படத்தைப் பார்த்து, கொழும்பிலிருந்து பாகங்களை எடுப்பித்து, இரவிரவாக ஈயம் பிடித்து, தாம் கட்டிய பெட்டியிலிருந்து முதல் ஒலியைக் கேட்பதில் எனக்கும் பெருமகிழ்ச்சியே. ஆனால் திருத்தத்துக்கென்று என் மேசைக்கு வரும் அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே குறையைத்தான் காண்கிறேன். பலகையில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டருக்குக் கீழே கருகிய தடம், சிவப்பு வளையமா மண்ணிற வளையமா என்று பிரித்தறிய முடியாதபடி கறுத்த நிறக்குறிகள், காலைச் சுற்றி மங்கி வெடித்துப்போன ஈயம். சாதாரண ஈயப்பற்று 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும்; முழுச் சுமையில் ஓடும் பீங்கான் ரெசிஸ்டரின் உடலோ 200 பாகையையும் தாண்டக்கூடியது.

இதைக் கண்டதும் கட்டியவர்கள் 5 வாற்று ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 10 வாற்று ரெசிஸ்டரைப் போடுகிறார்கள். அது பாதித் தீர்வு மட்டுமே. ஒரு ரெசிஸ்டரில் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதை அதன் மேல் அச்சிட்டிருக்கும் வாற்று எண் தீர்மானிப்பதில்லை; அது தாங்கக்கூடிய எல்லையையே அந்த எண் சொல்கிறது. அதனூடாகச் செல்லும் மின்னோட்டமும் அதன் ஓம் பெறுமானமுமே தீர்மானிக்கின்றன. ஒலிபெருக்கியை ஓட்டும் இறுதி வால்வுகளான இரண்டு 6வி6 வால்வுகளின் கதோட்டுக்கு, அதாவது எதிர்முனைக்கு, இரண்டுக்கும் சேர்த்து வைக்கும் 250 ஓம் ரெசிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதனூடாக 80 மில்லி அம்பியர் சென்றால் குறுக்கே 20 வோல்ற்று விழும், 1.6 வாற்று வெப்பம் பிறக்கும். அந்த இடத்தில் 5 வாற்றைப் போட்டாலும் 25 வாற்றைப் போட்டாலும் பெட்டிக்குள் சேரும் வெப்பம் அதே 1.6 வாற்றுத்தான். உடல் பெரிதாவதால் ரெசிஸ்டரின் மேற்பரப்புச் சூடு குறையும், பெட்டியின் சூடு குறையாது. ஆகவே பெரிதாகப் போடுவது முதல் வேலை. பிறக்கும் வெப்பம் வெளியேற வழிவிடுவது அதைவிட முக்கியமான வேலை.

இந்தக் கதோட்டு ரெசிஸ்டருக்குப் பக்கத்தில், பலகையோடு ஒட்டியபடி, மின்னைச் சேமிக்கும் 25 மைக்ரோ பரட் எலக்ட்ரோலிற்றிக் கண்டென்சரைப் படுக்கவைப்பது பழைய அமெரிக்க வடிவமைப்புகளின் வழக்கம். பார்த்துக் கட்டுவோர் அதையும் அப்படியே பின்பற்றுகிறார்கள். எலக்ட்ரோலிற்றிக் கண்டென்சரின் சூடு 10 பாகை ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் எவரும் அறிந்த கணக்கு. இரண்டையும் ஒரு விரல் அகலம் விலக்கி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது எமது காலநிலை. பல பில்ம் ரெசிஸ்டர்களின் வாற்று அளவு சுற்றுச்சூடு 70 பாகை வரைக்குமே செல்லுபடியாகும். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 155 பாகையில் பூச்சியமாகும். உள்ளே 100 பாகை இருக்குமானால் எஞ்சுவது ஏறத்தாழ 65 வீதம்தான். சோழகம் வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் ஒத்திகை பார்க்கும் அறையே வெந்து கிடக்கிறது. போதாததற்கு, ஒரே பெட்டிக்குள் ஒலிபெருக்கியையும் சேர்க்கும் வடிவங்களில் அம்ப்ளிபயரின் தகரச்சட்டம் மேலேயும் வால்வுகள் தலைகீழாகக் கீழேயும் தொங்குகின்றன. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் 5வை3 ரெக்டிபயர் வால்வின் இழை மட்டும் 10 வாற்றை உண்பது. அந்தச் சூடெல்லாம் மேலெழுந்து ரெசிஸ்டர்கள் இருக்கும் இடத்துக்கே போகிறது. கணக்கில் வரும் வாற்றின் இரு மடங்கு போதும் என்று குளிர்நாட்டுக்காரர் சொன்னால், நாம் மூன்று மடங்கு வைப்பதே சரி என்பது என் கருத்து. கோயில் திருவிழாவில் ஜெனரேற்றரில் ஓடும்போது வோல்ற்றளவு 10 வீதம் ஏறினாலே ரெசிஸ்டரில் பிறக்கும் வெப்பம் 21 வீதம் ஏறிவிடும்.

கிற்றார் அம்ப்ளிபயருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. இறுதி வால்வான ஈஎல்34 இன் திரைக்கு, அதாவது உள்ளிருக்கும் கம்பிவலைக்கு, 1,000 ஓம் ரெசிஸ்டரை வைத்து, ஒலி இல்லாதபோது அளந்தால் 10 மில்லி அம்பியர் அளவில் காட்டும், வெப்பம் 0.1 வாற்று. கால் வாற்றே போதும் என்று அப்போது தோன்றும். வாசிப்பவர் ஒலியை முழுதாக ஏற்றிக் கம்பியை இழுத்து அடிக்கும்போது அதே மின்னோட்டம் நான்கு மடங்கானால் வெப்பம் பதினாறு மடங்காகி 1.6 வாற்றுக்கு வந்துவிடும். இவ்விடத்துக்கு 5 வாற்று வைப்பது வீண் செலவல்ல.

ரெசிஸ்டர் தாங்கும் வோல்ற்று எல்லையையும் மறக்கக் கூடாது. மின்வழங்கலைச் சீராக்கும் வடிகண்டென்சர்களை, மின்னை நிறுத்தியபின் வெறுமையாக்க, 350 வோல்ற்றுக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் வைத்தால் 0.56 வாற்று பிறக்கும். அரை வாற்று ரெசிஸ்டர் அங்கே வாற்றிலும் தோற்கும், வோல்ற்றிலும் எல்லையைத் தொடும். 2 வாற்றில், தீப்பற்றாத மெற்றல் ஒக்சைட் வகையை வாங்குங்கள், அல்லது இரண்டு 110 கிலோ ஓமைத் தொடராக இணையுங்கள்.

பலகையில் பொருத்தும்போது உடலைச் சுமார் 10 மில்லிமீற்றர் உயர்த்தி வையுங்கள். மிகச் சூடாகும் ரெசிஸ்டருக்கு அலுமினிய உறை போட்ட வகையை எடுத்து, வெப்பப் பசை பூசி, தகரச்சட்டத்தில் திருகாணியிட்டு இறுக்குங்கள். ஆனால் அதில் எழுதியிருக்கும் 25 வாற்று, போதிய அளவுள்ள உலோகத்தகட்டில் இறுக்கினால் மட்டுமே கிடைக்கும். காற்றில் தொங்கவிட்டால் பாதிக்கும் கீழே போய்விடும். பெட்டியின் அடியிலும் மேலேயும் துளைகள் வேண்டும். பல்லியும் எறும்பும் புகாதபடி அவற்றுக்குக் கம்பிவலை அடியுங்கள்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரிகூடக் கிடைக்காமல், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். கழித்த பலகையிலிருந்து பாகம் கழற்றிப் பாவிக்கும் திறமை அன்று எம்மைக் காப்பாற்றியது. ஆயினும் ஒருமுறை வெந்த கார்பன் ரெசிஸ்டரின் ஓம் பெறுமானம் மாறியிருக்கும், இரைச்சலும் கூடும். சில்லறை விலையுள்ள அந்தப் பாகத்தை மட்டுமாவது புதிதாக வாங்க வேண்டும்.

சூட்டைப் பார்க்க விரலை வைக்கும் பழக்கத்தை உடனே கைவிடுங்கள். கதோட்டில் 20 வோல்ற்று இருக்கலாம், பக்கத்து ரெசிஸ்டரின் காலில் 350 வோல்ற்று இருக்கும். மின்னை நிறுத்திய பின்னும் கண்டென்சர்கள் அதைத் தாங்கி நிற்கும். கொரோனாக் காலத்தில் வாங்கிய காய்ச்சல் மானியும் இதற்கு உதவாது, தொழிற்கூடப் பாவனைக்குரிய அகச்சிவப்பு வெப்பமானியே வேண்டும்.

எமது மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் இலத்திரனியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கையில் சுற்றுப்படத்தைக் கொடுக்கும்போதே, கதோட்டு, திரை, மின்வழங்கல் ஆகிய இடங்களில் உள்ள ரெசிஸ்டர்களுக்கு வெப்பத்தைக் கணக்கிடச் செய்து, அவை பெட்டியில் எங்கே இருக்கப்போகின்றன என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஈயம் பிடிப்பது அதன் பிறகு நடக்கட்டும். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்திலும் இந்தக் கணக்குக்கு இடமளித்தால், விரிவாக எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வானொலி, ஒலிபெருக்கி திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.