ஷிகோகு வழியில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

தோக்குஷிமா, கொச்சி, எஹிமே, ககாவா மாவட்டங்களின் மக்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரையில், உங்கள் ஊர்களைக் கடந்துபோன தமிழர்கள் சார்பில் இந்த நன்றி மடல். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அடுத்து அங்கே வரப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு, உங்களுக்குச் சிரமம் கொடுக்காமல் வரவேண்டும் என்பது எங்கள் ஆசை. அதனால் ஒவ்வொரு நன்றியோடும், வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், வழியில் நிறுத்தி ஒசெத்தாய், அதாவது யாத்திரிகருக்குத் தரும் அன்புக் காணிக்கை, கொடுத்தவர்களுக்கு. வெள்ளை மேலாடையும் கையில் தடியுமாக ஒருவர் நடந்து வருவதைக் கண்டால் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து இரண்டு மிக்கான் பழம் கொடுக்கிறீர்கள். குளிர்ந்த தேநீர் பாட்டில், மடித்த கைக்குட்டை, சில சமயம் 100 யென் நாணயம். பழனிப் பாதயாத்திரைக்கு நீர்மோர்ப் பந்தல் போடும் ஊர்க்காரர்களுக்கு இந்த மனசு புதிதல்ல. ஆனால் உங்களிடம் திருவிழாத் தேதி கிடையாது. யார் எப்போது வந்தாலும் கொடுக்கிறீர்கள்.

வருகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். “ஐயோ, எதுக்குங்க, இருக்கட்டும்” என்று இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை வாங்குவது நம் ஊர் மரியாதை. அங்கே அது கொடுப்பவரைத் திருப்பி அனுப்புவதாகிவிடும். யாத்திரிகரின் கூடவே, ஷிங்கோன் பௌத்த மரபை ஜப்பானில் நிறுவிய துறவி கோபோ தாய்ஷியும் நடக்கிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. கூம்பு வடிவத் தொப்பியில் எழுதியிருப்பதும் “இருவராக நடக்கிறோம்” என்பதுதான். எனவே பழம் உங்கள் கைக்கு வந்தாலும் காணிக்கை அவருக்கு. இரண்டு கையாலும் வாங்கி, “நாமு தாய்ஷி ஹென்ஜோ கொங்கோ” என்று சொல்லி, ஒசாமேஃபுதா என்கிற பெயர்ச் சீட்டு ஒன்றைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் கொடுக்கத் தேவையில்லை. பணமாகக் கிடைத்ததை அடுத்த கோயில் உண்டியலில் போடலாம். மீன் சேர்ந்த உணவு கிடைத்தால், சைவக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு பின்னால் வரும் இன்னொரு யாத்திரிகருக்குக் கொடுத்துவிடலாம். காரில் ஏற்றிக்கொள்கிறோம் என்பவரிடம் மட்டும், முழுவதும் நடப்பதாக வேண்டுதல் என்று சொல்லி விலகலாம். அவருக்கும் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்வதுதான் இந்த நடையில் மிகக் கடினமான பயிற்சி என்பது எங்கள் எண்ணம். தன்னை அறிய வேண்டும் என்று புறப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தனிமையையும் மௌனத்தையும் எதிர்பார்த்து வருகிறார்கள். இங்கே அவர்களைத் தொடுவது, திருப்பிக் கொடுக்க வழியில்லாத உதவி. அதைக் கூச்சமில்லாமல் ஏற்க எங்களைப் பழக்கியவர்கள் நீங்கள்.

பெயர்ச் சீட்டுக் கணக்கை முன்பே போட்டு வையுங்கள். ஒவ்வொரு கோயிலிலும் மூலமண்டபத்துக்கு ஒன்று, தாய்ஷி மண்டபத்துக்கு ஒன்று என 176 வேண்டும். ஒசெத்தாய்க்கும் சேர்த்து 300 இருந்தால் நிம்மதி. நான்கு சுற்று வரை நடந்தவர்களுக்கு வெள்ளைச் சீட்டு. நூறு சுற்றை எட்டியவர்கள் மட்டுமே பட்டுச் சீட்டு வைத்திருப்பார்கள். தேதி, ஊர், பெயர், வேண்டுதல் ஆகியவற்றை முந்தின இரவே எழுதி வைத்துவிட்டால் கோயிலில் பின்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டாம். முழு முகவரி தேவையில்லை, ஊர்ப் பெயர் போதும்.

கோயில்களில் முறை சொல்லித்தந்த மூத்த யாத்திரிகர்களுக்கு அடுத்த நன்றி. வாசலில் வணங்கி, கை கழுவி, உள்ளே வரும்போது மணி அடிக்க வேண்டும். திரும்பும்போது அடிப்பது ஆகாது. மெழுகுவர்த்தி ஒன்று, ஊதுபத்தி மூன்று. மெழுகுவர்த்தியை மேல்தட்டில் பின்வரிசையிலிருந்தும், ஊதுபத்தியைச் சட்டியின் நடுவிலிருந்தும் வைத்துவந்தால் அடுத்தவர் கை சுடாது. இன்னொருவர் ஏற்றிய சுடரிலிருந்து நெருப்பு எடுக்கக்கூடாது, அவர் வினையையும் சேர்த்து வாங்குவதாகிவிடும் என்பார்கள். ஆகவே சொந்த லைட்டர் வேண்டும். பிறகு சீட்டு, காணிக்கை, இதய சூத்திரம் என்கிற சிறிய பௌத்த நூலை ஓதுதல். இதையெல்லாம் மூலமண்டபத்தில் முடித்து, தாய்ஷி மண்டபத்தில் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அவசரமில்லாமல் செய்தால் ஒரு கோயிலுக்கு அரை மணி நேரம்.

தடிக்கும் முறை இருக்கிறது. அது தாய்ஷியின் உருவம். பாலத்தின் மேல் அதை ஊன்றி நடக்கக்கூடாது. ஓசு ஊரில் ஒரு பாலத்தின் கீழ் அவர் குளிரில் இரவைக் கழித்தார் என்ற கதையிலிருந்து வந்த வழக்கம் அது. விடுதிக்குப் போனதும் நம் காலைக் கழுவுமுன் தடியின் நுனியைக் கழுவ வேண்டும். பல விடுதிகளில் வாசலிலேயே வாளியும் துணியும் வைத்திருக்கிறீர்கள். சேறு படிந்த நுனியை நீங்களே குனிந்து கழுவி, துடைத்து, அறை மாடத்தில் நிறுத்தி வைப்பதையும் பார்த்திருக்கிறோம்.

நோக்கியோ என்கிற, கோயிலுக்கு வந்ததற்கான முத்திரை இடும் அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. யாத்திரைப் புத்தகத்தைத் திறந்து, தூரிகையால் கறுப்பு மையில் எழுதி, மூன்று சிவப்பு முத்திரை வைத்து, மை ஒட்டாமல் தாள் வைத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் முடியும் அந்த எழுத்தின் அழகு ஒவ்வொரு கோயிலிலும் வேறு. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 500 யென், நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை. பழைய வழிகாட்டிகளில் 300 யென், காலை 7 மணி என்று இருக்கும், அதை நம்பித் திட்டம் போட்டால் நாள் கணக்கு தப்பும். மொத்தம் 44,000 யென், ரொக்கமாகச் சில்லறையோடு வையுங்கள். சுற்றுலாப் பேருந்து வந்துவிட்டால் வழிகாட்டி முப்பது நாற்பது புத்தகங்களை ஒன்றாகக் கொண்டுவந்து வைப்பார். ஆகவே 4.50க்கு ஓடிவந்து நிற்பது ஆபத்து. வரிசை நீளமாக இருக்கும்போது, நடந்து வருகிறவர்களை முன்னால் அழைத்த உங்கள் கருணைக்கு நன்றி.

வழி காட்டியவர்களில் உயிரோடு இல்லாதவர்களும் உண்டு. 1687-இல் இந்த யாத்திரைக்கு வழிகாட்டி நூல் எழுதி, குறிகற்களும் நாட்டிய துறவி ஷின்னென். 1922-இல் மறைவதற்குள் 280 முறை சுற்றி வந்து, கை காட்டும் கற்களை வழியெங்கும் நிறுத்திய நகாட்சுகாசா மொஹெய். அந்தக் கற்களில் பலவற்றின் கைவிரல் இன்றும் திசை காட்டுகிறது. சந்துகளிலும் காட்டுப்பாதையிலும் சிவப்பு அம்புக்குறி ஒட்டியும் பாதையைச் சீர்செய்தும் வரும் ஹென்ரோமிச்சி பாதுகாப்புச் சங்கத்தாருக்கும் சேர்த்து வணக்கம்.

பாதையைப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பெரும்பகுதி தார்ச்சாலை. மலையேற்றத்துக்கென்றே செய்த கனமான காலணி அதற்குச் சரிவராது. கொப்புளம் வருவது சூட்டாலும் ஈரத்தாலும் உரசலாலும். அரை அளவு பெரிய இலகுவான காலணி, மாற்றக் காலுறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி உலர்த்தல், இவற்றைவிட நல்ல மருந்து இல்லை. முதுகுச் சுமை 6 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். 11-ஆம் கோயில் ஃபுஜீதேராவிலிருந்து 12-ஆம் கோயில் ஷோசான்ஜி வரை சுமார் 13 கிலோமீட்டர் மலைப்பாதை, கடை கிடையாது. தண்ணீரும் மதிய உணவும் எடுத்துக்கொண்டு காலையிலேயே ஏற வேண்டும். யாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் பலர் இங்கேதான் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் ஏற்றத்தில் அல்ல, மறுநாள் இறக்கத்தில். 23-க்கும் 24-க்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடலோரச் சாலை, 88-இல் சேர்ந்த கோயில் எதுவும் வராது. சுரங்கச் சாலைகளில் மின்னும் பட்டை கட்டாமல் நுழையாதீர்கள்.

இனி, மின்ஷுக்கு விடுதிகளை நடத்தும் தாய்மார்களுக்கு. எழுபது வயதைத் தாண்டியும் தனியாகச் சமைத்து, குளியல் தொட்டிக்குச் சூடேற்றி, துணியையும் துவைத்துப் போடுகிறீர்கள். இரண்டு வேளை உணவோடு பெரும்பாலும் 7,500 முதல் 10,000 யென் வாங்குகிறீர்கள். எங்கள் சைவ உணவு உங்களுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பது எங்களுக்குத் தெரியும்.

ஏனென்றால் ஜப்பானியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. மிசோ சூப், வேகவைத்த காய், ஊறுகாய், எல்லாவற்றுக்கும் அடிப்படையான தாஷிச் சாறு கட்சுவோ மீன் சீவலிலோ காய்ந்த நெத்திலியிலோ வடித்தது. ககாவாவின் புகழ்பெற்ற உதோன் நூடுல்ஸின் சாறும் அப்படித்தான். “மீன் வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றைப் பரிமாறுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, சாறு அவர்கள் கணக்கில் மீன் அல்ல. அறை சொல்லும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்:

“நிக்கு தோ சகானா வா தாபேமாசென். கட்சுவோபுஷி யா நிபோஷி நோ தாஷி மோ தாபேமாசென். கொன்பு தோ ஷியிதாகே நோ தாஷி வா தாய்ஜோபு தேசு.”

இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, கட்சுவோ, நெத்திலிச் சாறும் ஆகாது, கொன்பு என்கிற கடற்பாசியும் ஷியிதாகே காளானும் போட்ட சாறு சரி என்று பொருள். ஜப்பானிய எழுத்தில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பது இன்னும் நல்லது. விடுதி தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். “சுதோமாரி” என்று கேட்டால் உணவில்லாமல் அறை மட்டும் தருவார்கள். வெறும் உப்புச் சோற்று உருண்டை, சாஸ் பொட்டலத்தைப் பிரிக்காத நாத்தோ என்கிற புளித்த சோயா, மேலே மீன் சீவல் தூவாத தோஃபு, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி, இதில் ஒரு இரவு நன்றாகவே கழியும். பச்சைக் கறிவேப்பிலையையும் பழத்தையும் கொண்டுபோகாதீர்கள்.

வராமல் போவதானால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். உங்கள் ஒருவருக்காகவே அந்த அம்மா காலையில் கடைக்குப் போய்க் காய் வாங்கியிருப்பார். இரவு உணவு ஆறு மணிக்கு. அதற்குள் சேர முடியாது என்று மதியமே தெரிந்தால், மதியமே சொல்ல வேண்டும்.

கோயில் விடுதிகளின் சமையல்காரர்களுக்குத் தனி நன்றி. ஷோஜின் சமையலில் மீன், இறைச்சியோடு வெங்காயம், பூண்டும் கிடையாது. கொன்பையும் காய்ந்த காளானையும் இரவெல்லாம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கொதி வருமுன் கொன்பை எடுத்துவிடுகிறார்கள், விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். எள் தோஃபு செய்யும் பக்குவத்தையும் எங்களிடம் மறைக்கவில்லை: எள் விழுது 50 கிராம், குசு கிழங்கு மாவு 50 கிராம், தண்ணீர் 450 மில்லி. கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டி மிதமான தீயில் கிளற வேண்டும். சட்டென்று இறுகும். பலர் அப்போதே இறக்கிவிடுவதால் மாவு வாசனை போகாது, ஆறியதும் விரிசல் விடும். தீயைக் குறைத்து இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கை ஓயாமல் கிளறினால்தான் பளபளப்பும் இழுவையும் வரும். அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், குளிர்பெட்டியில் இரவு கிடந்தால் உதிர்ந்துபோகும்.

வழிபாட்டில் எங்களை அந்நியராக நினைக்காத துறவிகளுக்கு நன்றி. ஷிங்கோன் மரபில் கோமா என்று நெருப்பு வளர்ப்பது நாம் அறிந்த ஹோமமேதான். இதய சூத்திரத்தின் முடிவில் வரும் “க்யாதெய் க்யாதெய் ஹாராக்யாதெய்” என்பதில் “கதே கதே பாரகதே” கேட்கிறது. 804-இல் சீனா போன கூக்காய்க்கு, அவரே பின்னாளில் கோபோ தாய்ஷி எனப்பட்டவர், உபதேசித்த ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி தென்னிந்தியர். காஞ்சியோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ஷிங்கோன் கோயில்களில் குருபரம்பரைப் படங்களுக்கு நடுவே அவர் படத்தை எங்களுக்குத் தேடிக் காட்டினீர்கள்.

எல்லோருக்கும் முழுச் சுற்று கிடைக்காது. விசாவில் நாட்கள் குறைவாக இருக்கலாம், நாள்வாரித் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு கேட்பார்கள். நாளுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் என்று போட்டால் முழுச் சுற்றுக்கு ஐம்பது முதல் அறுபது நாள் ஆகும், தோக்குஷிமாவின் 23 கோயில்களை மட்டும் எட்டு ஒன்பது நாளில் முடிக்கலாம். பகுதி பகுதியாக நடப்பதும் அங்கே ஏற்கப்பட்ட முறைதான். மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரையோ, அக்டோபர், நவம்பரிலோ வாருங்கள். ஏப்ரல் இறுதியில் தொடங்கும் விடுமுறை வாரத்தில் அறை கிடைப்பது அரிது.

87-க்கும் 88-க்கும் நடுவில் உள்ள மாயேயாமா யாத்திரிகர் மையத்தில், நடந்து முடிப்பவர்களுக்குச் சான்றிதழும் தேநீரும் கொடுக்கும் நல்லவர்களுக்கு நன்றி. அங்கிருந்து, தாய்ஷி நிறுவிய மலைக்கோயில் ஊரான கோயாசான் போய் நன்றி வழிபாடு செய்வது வழக்கம். தோக்குஷிமாவிலிருந்து வாகயாமாவுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு ரயில், கேபிள் கார். அங்கே தாய்ஷியின் சமாதி இருக்கும் ஒக்குனோயினில் கோபியோ பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக்கூடாது. இன்னும் அங்கே தியானத்தில் இருப்பதாக நம்பப்படும் தாய்ஷிக்குக் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் உணவு எடுத்துப்போகும் துறவிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். யாத்திரைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பலர் கோயாசானுக்கென்றே காலியாக விடுவார்கள், முதல் கோயிலில் புத்தகம் வாங்கும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

உங்கள் கையால் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் நன்றியோடு,
ஷிகோகு வழியில் நடந்த தமிழ் யாத்திரிகர்கள்