பின்பக்கத்தைப் படம் எடு

அன்புள்ள கதிருக்கு,

மாஸ்கோ இஸ்மாய்லோவோ சந்தையில், ஜார் காலத்தில் போர்வீரத்துக்காகச் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஜார்ஜ் சிலுவை ஒன்றைப் பார்த்ததாகவும், எனக்கு வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. நூறு வருஷத்துக்கு மேல் பழைய பொருளை அனுமதி இல்லாமல் ரஷ்யாவை விட்டு எடுத்து வர முடியாது. டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளை ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதன் பின்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பு, எனக்கு அது போதும்.

முன்பக்கம் புனித ஜார்ஜியார் குதிரைமேல் இருந்து நாகத்தை ஈட்டியால் குத்துவார்; பெரும்பாலான சிலுவைகளில் இதேதான். பின்னால் சிலுவையின் இடது, வலது கைகளில் ஓர் எண் இருக்கும். கீழ்க் கையில் எத்தனையாவது படி, அதாவது விருதின் எந்தத் தரம் என்று இருக்கும். மேல் கையில் ‘1/எம்’ என்று கண்டால் அந்த எண்ணோடு 10 லட்சத்தைக் கூட்டிக்கொள். முதல் உலகப் போரில் அத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். படியும் எண்ணும் தெரிந்தால், விருது பெற்றவர்கள் பட்டியலில் தேடி ஆளையே கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. பெயர், படைப்பிரிவு, சில சமயம் எந்தச் சண்டையில் என்ன செய்தான் என்பதுகூடக் கிடைக்கும்.

மகாராணி கேத்தரின் 1769-ல் ஜார்ஜ் விருதை ஏற்படுத்தியது அதிகாரிகளுக்குத்தான். சாதாரணச் சிப்பாய்க்கு 1807-ல்தான் ஒரு வெள்ளிச் சிலுவை வந்தது. அதை வாங்கியவனுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதைவிட, அவனை இனி யாரும் பிரம்பால் அடிக்கக் கூடாது. பண்ணையடிமையாகப் பிறந்து, 25 வருஷம் படையில் கிடந்து, தினம் அடிக்குப் பயந்து வாழ்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். இந்தச் சிலுவைமேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததே இதனால்தான்.

1844 முதல் கிறிஸ்தவர் அல்லாத வீரர்களுக்கு ஜார்ஜியாருக்குப் பதில் இரட்டைத் தலைக் கழுகைப் போட்டுக் கொடுத்தார்கள். காக்கசஸ் முஸ்லிம் வீரர்கள், “எங்களுக்குப் பறவை எதற்கு, குதிரைவீரனையே கொடுங்கள்” என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1913-ல் புதுச் சட்டம் வந்தபோது கழுகு போய்விட்டது. அப்புறம் போர் நீண்டு தங்கமும் வெள்ளியும் தட்டுப்பாடாகி, 1917-ல் மலிவான உலோகத்தில் அடித்தார்கள். அக்டோபர் புரட்சி வந்ததும் விருதே ஒழிந்தது. பஞ்ச காலத்தில், 1930-களின் தொடக்கத்தில், தோர்க்சின் என்ற அரசுக் கடைகளில் வீட்டுத் தங்கம், வெள்ளியைக் கொடுத்து மாவு வாங்கினார்கள். இந்தச் சிலுவைகளும் அப்படிப் போயின. பெற்றவர்கள் லட்சக்கணக்கில் இருந்தும், நல்லது ஒன்று கைக்குக் கிடைப்பது அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படம் எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் அடித்து விற்பவர்கள் உண்டு. எண்ணைச் சுற்றி உலோகம் தேய்ந்து பள்ளமாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடு.

மாஸ்கோவில் லெஃபோர்தோவோ அரண்மனையில் ராணுவ வரலாற்று ஆவணக் காப்பகம் இருக்கிறது. பரீட்சை முடிந்த பிறகு போனால் போதும். வெளிநாட்டு மாணவர்களை உள்ளே விட என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அம்மா