சீழ்க்கை வரும் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. கால் வலி குறைந்து மறுபடியும் காலைநடை போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் மகன் இரவெல்லாம் ஜான் லெனனின் ‘ஜெலஸ் கை’ (பொறாமைக்காரன்) பாடலையே கேட்கிறான் என்றும், 1971இல் வந்த பாட்டில் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய்.

அந்த மெட்டு பொறாமைக்காகப் பிறந்ததே அல்ல. 1968இல் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயில ரிஷிகேசம் வந்திருந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் லெனன், அங்கே கேட்ட உரை ஒன்றின் தாக்கத்தில் எழுதிய ‘சைல்ட் ஆஃப் நேச்சர்’ பாட்டின் மெட்டு அது. அந்த ஆண்டின் பீட்டில்ஸ் இசைத்தட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, மலையையும் காற்றையும் பாடிய அதே மெட்டில் வேறு சொற்களை வைத்து, தன்னை நேசித்தவளை அழவைத்த ஒருவனின் வாக்குமூலமாக ‘இமேஜின்’ தொகுப்பில் சேர்த்தார்.

பொறாமையைப் பாடும் பாட்டு பெரும்பாலும் எதிரில் இருப்பவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். இதிலோ பாடுபவன் பழையதை நினைத்ததையும், நெஞ்சு படபடத்ததையும், தன் பிடி நழுவியதையும் மட்டுமே சொல்லி, புண்படுத்த நினைக்கவில்லை என்று வருந்துகிறான். நடுவில் சொற்களை விட்டுவிட்டு, நிக்கி ஹாப்கின்ஸின் பியானோவின் மேல் சீழ்க்கையடிக்கிறான். மன்னிப்புக் கேட்டுவிட்டு, முகத்தைப் பார்க்கத் துணியாமல் ஜன்னலோரம் போய் நிற்பவனைப் போல எனக்கு அது கேட்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. மணமான புதிதில், ஒரு நாள் தாமதமாக வீடு திரும்பிய என் மனைவியிடம், கேட்கக் கூடாத தொனியில் ஒரு கேள்வி கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களையப் போனாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் மகனுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம்; துருவிக் கேட்காதே.

1980 டிசம்பரில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட பின், ராக்ஸி மியூசிக் குழுவினர் அவருக்கு அஞ்சலியாக இதைப் பாடினார்கள். 1981 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு அங்கே முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு இதுதான். அவர்களின் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் குரலும் தாளத்தின் நடையும் வேறு. ஆனாலும் சீழ்க்கையை அவர்கள் விடவில்லை.

பொங்கலுக்கு நீ வரும்போது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போம். மகனையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்