அர்ரே ஃபங்ஷன்களை அலசிப் பார்த்தவர்களுக்கு நன்றி

போஸ்ட்கிரெஸ் மதிப்பாய்வாளர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் வெளியான போஸ்ட்கிரெஸ் 18 என்ற தரவுத்தள மென்பொருளில், அர்ரேயை (மதிப்புகளின் பட்டியலை) வரிசைப்படுத்தும் அர்ரே_சார்ட், தலைகீழாக்கும் அர்ரே_ரிவர்ஸ் என்று இரண்டு ஃபங்ஷன்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களுக்கும் என் நன்றி உண்டு. ஆனால் இந்த மடல், அந்தப் பேட்ச்களை (நிரல் மாற்றங்களை) வரி வரியாகப் படித்து, ‘இப்படிக் கொடுத்தால் என்ன வரும்?’ என்று விடாமல் கேட்ட உங்களுக்கு.

ஓர் அர்ரேயை வரிசைப்படுத்துவதில் என்ன பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். போஸ்ட்கிரெஸ் அர்ரேயோடு பழகியவர்களுக்குத் தெரியும். அதன் முதல் இடத்தின் எண் பெரும்பாலும் 1, ஆனால் 0 ஆகவோ 10 ஆகவோ இருந்தாலும் செல்லும். ஆறு பரிமாணம் வரை போகலாம். நடுவில் ‘நல்’ (null, மதிப்பே இல்லாத இடம்) உட்கார்ந்திருக்கலாம். உள்ளே இருப்பது எண்ணாகவோ எழுத்தாகவோ பயனரே உருவாக்கிய வகையாகவோ இருக்கலாம். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு வேண்டும். அதைச் சரியான இடத்தில் எடுத்திருக்கிறீர்கள்.

‘நல்’ விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏறுவரிசையில் அது கடைசியில் வருகிறது, இறங்குவரிசையில் முதலில். குவெரி முடிவுகளை வரிசைப்படுத்தும் ஆர்டர் பை பல ஆண்டுகளாகச் செய்வதும் இதுதான் என்பதால், நாங்கள் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேறு மாதிரி வேண்டுமென்றால் ஒரு ட்ரூ அல்லது ஃபால்ஸ் போதும். ஒப்பிடவே வழியில்லாத ஜேசன் வகையைக் கொடுத்தால் ஏதோ ஒரு வரிசையைத் தள்ளிவிடாமல், முடியாது என்று பிழை காட்டுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

இதற்கு முன் நாங்கள் என்ன செய்தோம்? 2009-இல் 8.4 பதிப்பில் வந்த அன்நெஸ்ட்டால் அர்ரேயைப் பிரித்துப் போட்டு, வரிசைப்படுத்தி, அப்புறம் அர்ரே_ஆக் (array_agg) என்ற ஃபங்ஷனால் திரும்பச் சேர்த்தோம். ஒரு பரிமாணத்துக்கு அது சரி. இரண்டு பரிமாணம் என்றால் அன்நெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிவிடும், வடிவம் போய்விடும். இன்ட்அர்ரே நீட்டிப்பில் ஒரு சார்ட் உண்டு, ஆனால் அது முழு எண்களுக்கு மட்டும், அதிலும் ‘நல்’ இருக்கக் கூடாது. இப்போதைய அர்ரே_சார்ட் முதல் பரிமாணத்தில் மட்டும் வரிசைப்படுத்துகிறது, உள்வரிசைகள் கலையாமல் அப்படியே நகர்கின்றன. 10-இல் தொடங்கிய அர்ரே 10-இலேயே தொடங்குகிறது! இப்படி ஒரு அர்ரேயை வைத்திருப்பவர்கள் உலகத்தில் மிகச் சிலர்தான். அவர்களையும் மறக்காமல் அதற்கென்று சோதனை எழுதி வைத்திருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

ஆவணத்தின் வாக்கியங்களைத் திருத்தியவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. முதல் பரிமாணம் என்பதை அங்கே தெளிவாகச் சொல்லியிருப்பதால் என் குழுவில் யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ‘இது கோரில் (போஸ்ட்கிரெஸின் மையப் பகுதியில்) இருந்தே ஆக வேண்டுமா?’ என்று கேட்பவர்களுக்கும் நன்றி. கேட்பதற்குக் கடினமான கேள்வி அது, ஆனால் ஒரு ஃபங்ஷன் உள்ளே வந்துவிட்டால் அதை நம்பி எத்தனையோ பேர் குவெரி எழுதிவிடுவார்கள், பிறகு எடுப்பது எளிதல்ல.

மாற்றத்தைச் சேர்க்கும்போது எழுதும் கமிட் குறிப்பின் அடியில் ‘மதிப்பாய்வு செய்தவர்’ என்று ஒரு வரியில் உங்கள் பெயர்கள் இருக்கின்றன. நான் அந்த வரியைத் தேடிப் போய்ப் படித்தேன்.

நன்றியுடன்,
உங்கள் ஃபங்ஷன்களைத் தினமும் பயன்படுத்தும் ஒரு நிரலாளர்