போர்டு அவுட் ஆகி வந்தவர்களுக்குத் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

மனநலக் காரணத்தால் பட்டாளத்திலிருந்து போர்டு அவுட் ஆகி, அதாவது மருத்துவ போர்டால் தகுதியில்லை என்று அனுப்பப்பட்டு, இயலாமைப் பெஞ்சன் இல்லாமல் ஊர் திரும்பியவர்களின் குடும்பங்களும், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் முன்னாள் படைவீரர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை உதவியவர்கள் பலர். பெயர் போட்டால் சிலருக்குச் சங்கடம், சில குடும்பங்களுக்கு அதைவிடச் சங்கடம். அதனால் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். அடுத்து அலையப்போகிறவர்களுக்கு வழியும் தெரிந்த மாதிரி இருக்கும்.

தீர்ப்பு வந்ததும் வக்கீலுக்குச் சால்வை போடுவது நம்மூர்ப் பழக்கம். போடட்டும், தப்பில்லை. ஆனால் இந்த வழக்குகளில் பாதிக்கு மேல், வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. ஆகவே காகிதம் தேடித் தந்தவர்களுக்கே முதல் நன்றி.

படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிமாரே, நீங்கள் இல்லாவிட்டால் எந்தப் படிவத்தைக் கேட்பது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. ‘ஏன் பெஞ்சன் தரவில்லை?’ என்று தகவல் உரிமை மனுவில் கேட்டால் பதில் வராது, ஆவணத்தின் பெயரைச் சொல்லிச் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர்கள் நீங்கள்தான். கேட்க வேண்டியவை: பட்டாளத்தில் சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை, இடையில் மருத்துவத் தகுதி கேட்டகரியை இறக்கிய போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 (படை மருத்துவப் படிவம்), கடைசி போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது யூனிட் எழுதிக் கொடுத்த ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், எந்தெந்த இடத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்ற போஸ்டிங் பட்டியல், லீவு விவரம், பெஞ்சனை மறுத்த கடிதம். மனு போக வேண்டிய ரெக்கார்ட் ஆபீஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் குழு) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) என்றால் செகந்திராபாத். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனைவி தன் பெயரில் கேட்டால் ‘மூன்றாம் நபரின் சொந்தத் தகவல்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனு படைவீரரின் பெயரில், அவர் கையெழுத்தில், அடையாள அட்டை நகலோடு போக வேண்டும்.

பத்து ரூபாய்ப் போஸ்டல் ஆர்டர் தீர்ந்துபோகாமல் எடுத்து வைத்த தபால் நிலைய அக்காமாருக்கும் இங்கேயே நன்றி. சின்ன உதவிதான். அது கிடைக்காத நாளில்தான் அதன் அருமை தெரிந்தது.

வந்த காகிதக் கட்டுக்குள் எதைப் பார்ப்பது? ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16இல் நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா, இரண்டும் இல்லையா என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் காரணம் எழுத இடம் விட்டிருப்பார்கள். பெரும்பாலான படிவங்களில் ‘இரண்டும் இல்லை’ என்று எழுதி, காரணம் கேட்ட இடத்தில் ‘உடற்கூறு சார்ந்த நோய்’ (அதாவது உடல்வாகிலேயே இருந்தது) என்று ஒற்றை வரி கிடக்கும். சில படிவங்களில் அதுவும் இல்லை, வெறும் கோடு. குடும்பத்தின் பெஞ்சன் அந்த ஒற்றை வரியில்தான் நிற்கிறது. அதைத் தட்டிக் கேட்பதுதான் மொத்த வழக்கும்.

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லையென்றால் நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுக்கு. அன்றைக்கே கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால், அதற்குக் காரணமும் எழுத வேண்டும். அது வலிப்பு நோய் வழக்கு. 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் வந்தவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தியது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் எழுதாத போர்டின் கருத்துக்கு மதிப்பில்லை என்றே வந்தது.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது ஏமாற்று. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் ஸ்கிசோஃப்ரினியா காரணமாக வெளியே வந்தவருக்கு உச்ச நீதிமன்றம் பெஞ்சனை மறுத்தது. மனநோய் சேரும்போது தெரியாமலே இருந்து பின்னால் தலைகாட்டலாம், ஆகவே எல்லாரும் தானாக ஜெயித்துவிட முடியாது என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து நீட்டும். அதைத் தாண்ட அனுமானம் மட்டும் போதாது, தேதிகள் வேண்டும்.

தேதிகளைச் சேர்த்துத் தந்தவர்களுக்கு அடுத்த நன்றி. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான பெஞ்சன் கையேட்டின் 2002 பதிப்பில், 2008 திருத்தத்தோடு, 54ஆம் பத்தி மனநோய்க்கானது. போர்ப் பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி, உயரமான மலைப்பகுதி, ஒதுக்குப்புறக் காவல் நிலை ஆகியவற்றில் இருக்கும்போது நோய் தொடங்கினால் பணியால் வந்தது என்று ஒப்புக்கொள்ளலாம் என்கிறது. இன்னொன்று பலருக்கும் தெரியாது. வீட்டில் பெரிய இடி விழுந்து, பணி நெருக்கடியால் லீவு மறுக்கப்பட்டு, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வந்தால், பணியால் கூடியது என்று கொள்ள அதில் இடம் இருக்கிறது. ஒரே மகனாக இருப்பவரின் பெற்றோர் சாவு, மனைவி அல்லது பிள்ளையின் சாவு, புயல், பூகம்பம் போன்ற பேரிடர், தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை கல்யாணம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நோய் என்று தெரிந்து, ‘இன்ன வேலை தரக்கூடாது’ என்று கட்டுப்பாடு எழுதிய பிறகும் அதே மாதிரி இடத்துக்கு அனுப்பி நோய் முற்றினால், அதுவும் கணக்கில் சேரும்.

ஆகவே அப்பா இறந்த தேதிக்கு இறப்புச் சான்று தேடித் தந்த கிராம அலுவலகத்தாருக்கும், பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டிக் கொடுத்த பங்குத்தந்தையருக்கும், தந்தியையும் இன்லாண்ட் லெட்டரையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அம்மாமாருக்கும் மைனிமாருக்கும் கைகூப்புகிறோம். ‘லீவு தர மாட்டேங்கிறாவ, ராத்திரி உறக்கமே வரல்ல’ என்று தேதி போட்டு எழுதிய ஒரு கடிதம், போஸ்டிங் பட்டியலோடு சேரும்போது, பத்துப் பக்க வாதத்துக்கு மேல் நின்று பேசும். அதனால் பழைய பெட்டியை யாரும் சுத்தம் செய்ய வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் நன்றி. படித்த காலத்தில் நடத்தையிலும் படிப்பிலும் கோளாறு இல்லை என்ற சான்று, ‘சின்ன வயதிலிருந்தே இருந்தது’ என்ற வாதத்தை முளையிலேயே கிள்ளிவிடும். அந்த வாதம் பல நேரம் நம் வாயிலிருந்தே போகிறது. பதறிப்போன குடும்பம் டாக்டரிடம் ‘இவரோட மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துது’ என்று சொல்லும். அது கேஸ் ஷீட்டில் ஏறி, பின்னால் ‘பரம்பரை’ ஆகிவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் வெளியிலும் சான்று எழுதித் தந்த மருத்துவர்களே, ‘இவருக்கு மனநோய் உள்ளது, சிகிச்சையில் இருக்கிறார்’ என்ற இரண்டு வரியோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. முதலில் எப்போது காட்ட வந்தார், என்ன மருந்து எந்த அளவில், மருந்து நின்றபோது என்ன ஆனது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் உண்டா இல்லையா, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள எவ்வளவு முடிகிறது என்று எழுதினீர்கள். அந்த மாதிரிச் சான்றுதான் போர்டின் முன் எடுபடுகிறது. பழைய பதிவுகள் தர மறுத்த இடங்களில், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைப் பெற உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னதும் நீங்கள்தான்.

சிவப்பு மை விவகாரம் தனி. நோய் என்று யாரும் கண்டுகொள்ளாமல், லீவு முடிந்து திரும்பாதது, சொன்ன பேச்சு கேட்காதது என்று நான்கு ரெட் இங்க் எண்ட்ரி (சிவப்பு மையில் எழுதும் தண்டனைக் குறிப்பு) விழுந்து, ராணுவ விதி 13(3)இன் கீழ் ‘விரும்பத்தகாதவர்’ என்று அனுப்பப்பட்டவர்களும் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்கு மெடிக்கல் போர்டே நடந்திருக்காது. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நான்கு எண்ட்ரி இருக்கிறது என்பதற்காக மட்டும் அனுப்ப முடியாது, முறையான விசாரணை வேண்டும், எத்தனை வருடம் பணி, எவ்வளவு கடினமான இடம் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. பெஞ்சனுக்கு வேண்டிய காலம் வரை பணியில் இருந்ததாகக் கருதச் சொன்னது, இடைப்பட்ட சம்பளம் மட்டும் கிடையாது. இந்தத் தீர்ப்பைப் படித்து, அந்த எண்ட்ரிகளின் தேதியையும் முதல் மருத்துவச் சீட்டின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய இளம் வக்கீல்களுக்குத் தனி நன்றி. நோயின் பெயர் ‘மது அடிமை’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் வழி மிகக் குறுகல். அதை மறைக்காமல் முதல் நாளே சொன்னதற்கும் நன்றி.

இனி அப்பீல். முதல் மேல்முறையீட்டை ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக அனுப்ப வேண்டும், மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள். அதற்கும் மறுப்பு வந்தால், அல்லது ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால், படைத்துறைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பக்கம் என்பதற்காகச் சிலர் கொச்சிக்கு ஓடுகிறார்கள். குமரியில் குடியிருப்பவருக்குச் சென்னை அமர்வுதான். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.காரர்களுக்கு இந்தத் தீர்ப்பாயமே கிடையாது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வருடக்கணக்கில் தாமதமானாலும் மனு போடலாம், பெஞ்சன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால். ஆனால் 2008இல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி நிலுவைத் தொகை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பாக்கலாம் பாக்கலாம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் கைப்பணம் போகிறது.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எங்களை உட்கார வைத்துப் பேசியவர்களுக்கு நன்றி. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பதே பல வீடுகளுக்குப் புதுச் செய்தி. நிலுவையில் பங்கு கேட்டு வாசலில் நிற்கும் ஏஜெண்டுகளை அது பாதி விரட்டிவிட்டது.

தீர்ப்பாயம் ரிவ்யூ மெடிக்கல் போர்டு (மறு மருத்துவப் பரிசோதனை) நடத்தச் சொன்னால், அவரை மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். காரோடு வந்து காத்துக் கிடந்த அண்ணன்மாருக்கு நன்றி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும்: நோய் தெரியட்டும் என்று போர்டுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்துகிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது ஆளையே கெடுத்துவிடும், வழக்குக்கும் உதவாது. நோய் எங்கிருந்து வந்தது என்பதைப் பழைய பதிவுகள்தான் தீர்மானிக்கின்றன. அன்றைக்கு அமைதியாக உட்கார்ந்திருந்தாலும், மருந்தால்தான் அப்படி இருக்கிறார் என்பதை மருந்துச் சீட்டுகள் காட்டட்டும். வருட வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். வழியில் அவர் மிரண்டால், அல்லது வீட்டில் நிலைமை கைமீறினால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

சதவீதக் கணக்கைப் போட்டுக் காட்டிய பேங்க் தம்பிக்கும் ஒரு வார்த்தை. போர்டு எழுதும் இயலாமை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் ஏற்றிக் கணக்கிடுவார்கள். போர்டு 20க்குக் குறைவாகப் போட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். உடல்நிலை காரணமாகவே அனுப்பப்பட்டவருக்கு 20க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்பது 2014இன் சுக்விந்தர் சிங் தீர்ப்பு. பெஞ்சனின் இயலாமைப் பகுதி, 100 சதவீத இயலாமைக்கு, கணக்கில் கொள்ளும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்தச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000, ஐம்பது சதவீதக்காரருக்கு 6,000. பணிக்காலத்துக்கான சர்வீஸ் பகுதி தனி, அகவிலைப்படி தனி. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். அவர்கள் பழைய தீர்ப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் மனு நொண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெஞ்சன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிட விதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தவர்களின் கட்டுகள் இப்போது அந்த விளிம்பில் இருக்கின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அப்பீலைப் பிறகு யோசிக்கலாம். தகவல் உரிமை மனுவை முதலில் அனுப்பிவிடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு அவரைக் கூட்டி வாருங்கள், எழுதித் தர எங்களில் யாராவது இருப்போம்.

நன்றியுடன்,
குடும்பங்களும் முன்னாள் படைவீரர்களும்,
கன்னியாகுமரி மாவட்டம்